நடுவர் குனிந்து சொன்னது

நடுவர் குனிந்து, கீழே கிடந்தவன் காதில் ஏதோ சொன்னார். மயங்கிக் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே லேசாகத் தலையாட்டினான். சேலத்தில் கல்லூரி விடுதிக் கட்டிலில் படுத்தபடி செல்போனில் அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். திரும்ப ஓட்டினேன். உதடு அசைகிறது, தலை அசைகிறது, பத்தே நொடியில் மயங்கியவன் துள்ளி எழுந்து ஜெயிக்கிறான்!

ரெஸ்லிங் எல்லாம் பேசிவைத்த ஆட்டம் என்று பலர் சொல்லிக் கேட்டதுதான். ஆனால் நானே கையும் களவுமாகப் பிடித்துவிட்டேனே. இதை முதலில் யாரிடம் காட்டுவது என்று யோசிக்கவே இல்லை. அப்பாவிடம்தான்.

அப்பா லாரி டிரைவர். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் நான்கைந்து நாள் வருவார். வந்தால் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நான் நாயகன் கட்சி. அவர் எப்போதும் வில்லன் கட்சி.

"அவந்தான் அம்மிணி பாடுபடறான். உங்காளு கடைசீல வந்து கையத் தூக்கிட்டு நிக்கறான்" என்பார்.

வில்லன் எதிராளியைக் கீழே அழுத்திவிட்டால், நடுவரை முந்திக்கொண்டு அப்பா தரையைத் தட்டி எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு... மூன்று எண்ணி முடித்தால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் என் ஆள் திமிறிவிடுவான். "எண்ணறவன் கை மெதுவா வருது பாரு! காசு வாங்கீட்டான்!"

அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள். "ஏனுங்க, பொட்டப்புள்ளைக்குக் குஸ்தி பழக்கறீங்களே, நாளைக்குப் போற ஊட்ல மாமியாளத் தூக்கிப் போட்டுட்டாள்னா?"

"போட்டா என்ற புள்ளதான் ஜெயிப்பா. நீ கொழம்பப் பாரு."

வெளியூரில் லோடு இறக்கக் காத்திருக்கும் மதியங்களில் போன் செய்வார். சாப்பிட்டாயா என்பதுகூட அப்புறம்தான். "யாரு சாமி ஜெயிச்சது?" நான் மூச்சு விடாமல் சொல்வேன். ஒருவன் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசியே கழுத்தறுத்தது, நல்லாப் போன மேட்சின் நடுவே நாலு பேர் ஓடிவந்து கெடுத்தது, எல்லாம். என் படிப்பு அவருக்குப் புரியாது. லாரிக் கஷ்டத்தை அவர் என்னிடம் சொல்லமாட்டார். எங்களுக்குள் பேச இருந்தது இது ஒன்றுதான்.

அடுத்த தடவை வந்தபோது வீடியோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார். நான் விடவில்லை. குத்து முகத்தில் படுவதே இல்லை, சத்தத்துக்குக் காலால் தரையை மிதிக்கிறார்கள், தூக்கி அடிக்கிற நாற்காலி வெறும் தகரம். பாடம் நடத்துவதுபோல் நடத்தினேன்.

"அப்படீங்களா சாமி. படிச்சவங்க சொன்னாச் செரிதான்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதன்பிறகு அவர் போனில் கேட்பதெல்லாம், "சாப்புட்டியா சாமி? செரி, வெக்கட்டுமா?"

தை மாதத்தில் ஒரு மதியம் கூப்பிட்டார். "லோடு மேல தார்ப்பாய் கட்டறப்பக் கீழ உழுந்துட்டன்."

நான் பதறினேன். அவர் சிரித்தார். "பயப்படாத. உங்காளுக மாதிரிதான், பொய்யா உழுந்தன்."

நானும் சிரித்தேன். பல மாதம் கழித்து அவர் ரெஸ்லிங் பற்றிப் பேசினாரே என்று சந்தோஷம். அம்மாவிடம்கூட, "ஒண்ணுமில்லையாம்மா" என்றுதான் சொன்னேன். அந்த வலியோடு இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். ஊர் வந்து நிறுத்தியவரால் சீட்டிலிருந்து இறங்க முடியவில்லை. தூக்கித்தான் இறக்கினார்கள். முதுகெலும்பில் விரிசல். அன்றைக்கே படுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார் டாக்டர்.

இப்போதும் ரெஸ்லிங் பார்க்கிறேன். விழுகிறவர்களை மட்டும் பார்க்கிறேன். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துத் தரையில் அறைந்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுகிறார்கள். அப்படியும் கீழே இருப்பது பலகை. யார் ஜெயிப்பது என்று பேசி வைக்கலாம், அந்தப் பலகையிடம் என்ன பேசுவது? அப்பாவுக்கு அவ்வளவு விளக்கிய நான் இதை மட்டும் கவனிக்கவில்லை. போன வாரம் கிழட்டு வில்லன் ஒருவன் ஒரு புதுப்பையனிடம் தோற்றான். அவன் விழுந்த அழகில்தான் அந்தப் பையன் பலசாலியாகத் தெரிந்தான். அப்பா கத்திக்கொண்டிருந்ததும் இதைத்தானே.

லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பெல்ட் போட்டு, தினம் பத்து நிமிடமாவது நாற்காலியில் உட்கார வேண்டுமாம், இல்லாவிட்டால் கால் சூம்பிவிடும் என்று பயிற்சி கொடுக்க வருகிறவர் சொல்கிறார். "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்கிறார் அப்பா. நான்கு வாரமாக அதே பதில். எப்போதாவது டிவி பக்கம் திரும்பிச் சேனல் மாற்றும்போது ரெஸ்லிங் வந்தால், ரிமோட்டில் அவர் விரல் நிற்காமல் தாண்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த விரல் நின்றது. அதே கிழட்டு வில்லன் கயிற்று மேலிருந்து மல்லாக்க விழுந்தான்.

"அது வலிக்கும்" என்றார், டிவியைப் பார்த்தபடியே.

"ஆமாங்ப்பா. நெசமாலுமே வலிக்குமுங்ப்பா."

என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செய்திக்கு மாற்றிவிட்டார்.

நாளை சாயங்காலம் டிவியில் அந்தக் கிழவனுக்கு மறுபடியும் மேட்ச். அமெரிக்காவில் முன்னாடியே நடந்துவிடுவதால் காலையிலேயே முடிவு போனில் வந்துவிடும், அதை நான் பார்க்கப் போவதில்லை. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவி டிவிக்கு எதிரே போட்டுவிட்டேன். முதுகுக்கு ஒரு தலையணை. ஒரு பக்கம் அம்மா பிடிப்பாள், மறுபக்கம் நான். "பத்து நிமிசந்தானுங்ப்பா, எப்படியும் உங்காளு தோத்துருவான் பாருங்க" என்று சீண்டப்போகிறேன். கோபம் வந்து நாற்காலிக் கையைத் தட்டி ஒண்ணு என்றாலும் போதும். ரெண்டுக்குள் வலிக்கிறது என்றால் படுக்க வைத்துவிட்டு, அடுத்த மேட்சுக்கு மறுபடி தூக்குவேன்.