கடைசி பஸ்ஸும் கடைசி ரீலும்

நான் வாயாரப் புகழ்ந்த படங்களில் ஒன்றின் முடிவைக்கூட, புகழ்ந்த நாளில் நான் பார்த்திருக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள்... கொஞ்ச நேரத்துக்குச் சிரிக்கலாம். அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை, உங்களாலும் முடியாது.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே. தியேட்டர் பண்டாரவளையில். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி இரண்டரைக்கு என்பார்கள். முதலில் விளம்பரம், அடுத்து செய்திப் படம், அதன் பிறகுதான் கதை. படம் முடிய ஆறு மணி நெருங்கும். எங்கள் பக்கம் போகிற கடைசி பஸ்ஸோ ஐந்து பத்துக்கு!

அதனால் ஐந்து மணி அடித்ததும் தியேட்டரில் ஒரு வரிசையே எழும்பும். எல்லாரும் தோட்டத்துச் சனம். கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போனாலும் சரி, வில்லன் கத்தியை ஓங்கினாலும் சரி, நாங்கள் எழும்பிவிடுவோம். டவுன்காரர்கள் பின்னாலிருந்து விசிலடிப்பார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானா என்னைப் பார்க்கும்போதெல்லாம், நீங்கள் படம் பார்க்க வருகிறீர்களா, பஸ் பார்க்க வருகிறீர்களா என்று கேலி செய்வார்.

ஊரே திரண்டு போன பெரிய படங்களுக்கு இதில் நட்டமில்லை. முடிவை யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் நான் நேசித்தவை வேறு. மூன்று நாள் ஓடி, சுவரொட்டியின் பசை காய்வதற்குள் தூக்கப்பட்ட படங்கள்!

கிணறு வெட்டுகிற ஐந்து பேரைப் பற்றி ஒரு படம் வந்தது. பாட்டு இரண்டே இரண்டு. கதாநாயகன் முகத்தில் படம் முழுக்க மண். இடைவேளை வரை அவன் கறுப்பா சிவப்பா என்றே தெரியாது. எந்த நடிகன் அதற்குச் சம்மதிப்பான், சொல்லுங்கள்! இன்னொன்றில், எப்போதும் சிரிக்க வைக்கிற ஒருவர் ஆஸ்பத்திரிக் காவல்காரனாக வந்தார். மகனைப் பறிகொடுத்து அவர் அழுதபோதும் பழக்கதோஷத்தில் தியேட்டர் சிரித்தது. நான் ஒருவன்தான் அழுதேன். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

அந்தப் படங்களை நான் நேசித்தது உண்மை. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால்... ஓடாத படத்தின் முடிவை நான் எப்படிச் சொன்னாலும் திருத்த எவனும் வரமாட்டான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதுவும் அந்த நேசத்தில் சேர்த்தியா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சல்லடை அறையில் வேலை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூளில் கிடக்கும் காம்பைப் பொறுக்குவார்கள். திங்கட்கிழமை காலை அந்த வட்டம் என்னுடையது. முதல் காட்சியிலிருந்து தொடங்குவேன். ஐந்து மணிக்குப் பிறகு நடந்ததை, பஸ்ஸில் வரும்போது நானே யோசித்து வைத்திருப்பேன்.

முதலில் மடக்கியவள் ஆரோக்கியம். கெட்டிக்காரி. கை காம்பைப் பொறுக்கும், காது கதையைப் பொறுக்கும். பஸ்ஸுக்கு எழும்பாமல் முடிவை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். மரக்கறி லொறி ஒன்றில் பெரகல வரை வந்து, அங்கிருந்து நடந்து வந்தேன் என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அன்றிலிருந்து எனக்குப் பட மாஸ்டர் என்று பெயர். ஒரு படத்துக்காக இருட்டில் மைல் கணக்கில் நடந்த மனுசன்! ஐயோ, அந்த மரியாதை எவ்வளவு இனித்தது தெரியுமா உங்களுக்கு?

இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆரோக்கியத்தின் ஒரே அண்ணன் செபமாலைக்கும் போகும் நாள் வந்துவிட்டது. ஆரோக்கியத்தின் புருசனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, ஆகவே அவள் இங்கே. தன்னைக் கேட்காமல் கல்யாணம் முடித்தாள் என்று செபமாலை தங்கச்சியோடு பேசி மூன்று வருடம். தோட்டத்து வரிசை வீடுகளில் அவன் மேல் லயம், அவள் கீழ் லயம். இடையில் மலைத் தண்ணீர் விழும் ஒரு பீலி. அதில் இருவரும் குடம் வைப்பார்கள், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல.

அந்த மாதம்தான் அந்தப் படமும் வந்தது.

அண்ணன் தங்கச்சி கதை. சண்டை. அண்ணன் ஊரை விட்டுப் போகிறான். தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுகிறான். அவிழ்க்கிறான். மறுபடி கட்டுகிறான். மூன்று தடவை! ஒரு வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது, கயிறு உரசும் சத்தம் மட்டும். ரீல் அறுந்துவிட்டதா என்று முன்வரிசை கத்தியது. எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. அவள் வரட்டும் என்றுதானே அவன் நேரத்தைக் கடத்துகிறான்? அதை வாய்விட்டுச் சொல்லாமல் சொன்ன படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவன் ரயிலில் ஏறினான். வாசலில் நின்றான். அவள் வீட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி ஐந்து. நான் எழும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தக் கயிற்றை நான் சொன்ன விதத்தில் பெண்கள் காம்பு பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆரோக்கியம் தலை தூக்கவில்லை. எல்லாரும் போன பிறகு சல்லடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தங்கச்சி டேசனுக்குப் போனாளா அண்ணே?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். செபமாலை புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது... ஒரு சொல்! அதைச் சொன்னால் மரக்கறி லொறி போய்விடும், நடந்த மைல்கள் போய்விடும், மாஸ்டர் போய்விடுவார்.

"போகல" என்றேன். "கோச்சி நகருறப்ப அண்ணன்தான் பெட்டியோட எறங்கி வந்தான். பாசம் இருக்கிறவன் வந்துருவான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

செபமாலை ஏறிய கோச்சி புறப்பட்ட நாளில் அவள் வேலைக்கு வரவில்லை, பண்டாரவளை ஸ்டேஷனுக்கும் போகவில்லை. வாசலைக் கூட்டி, கோழி அடித்து, உலை வைத்துவிட்டுக் காத்திருந்தாளாம். வழியனுப்பப் போனவர்கள் மறுநாள் சல்லடை அறையில் சொன்னார்கள். செபமாலை உள்ளே போய் உட்காரவே இல்லையாம். கோச்சி வளைவில் மறையும் வரைக்கும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றானாம்.

"நிக்கத் தெரிஞ்சவருக்கு எறங்கத் தெரியலையே" என்றாள் ஆரோக்கியம்.

என் படத்தை வைத்து அவள் தன் அண்ணனை அளந்துவிட்டாள்! நீலகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டுக்கும் அவள் பதில் போடவில்லை. மூன்றாவது வரவில்லை.

ஏழு வருடம் கழித்து அதே படம் பண்டாரவளைக்குத் திரும்பி வந்தது. புதுப் படப்பெட்டி வந்து சேராததால் பழையதை ஓட்டினார்கள். அன்று பெரகலப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. காசிம் நானாதான் தன் வீட்டில் தங்கச் சொன்னார். அவரே என்னோடு படத்துக்கும் வந்தார். என் ஆயுளில் முதல் தடவையாக ஐந்து மணியைத் தாண்டி உட்கார்ந்தேன்.

அண்ணன் இறங்கவில்லை.

தங்கச்சியும் போகவில்லை. அவன் வருவான் என்று அவள் இருக்கிறாள், அவள் வருவாள் என்று அவன் நிற்கிறான். ரயில் போய்விடுகிறது. அவன் உட்கார்ந்து, பெட்டிக் கயிற்றை நாலாவது தடவை அவிழ்க்கிறான். உள்ளே அவளுக்கு வாங்கிய சேலை. படம் முடிந்தது.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோசம்! அடடா, என்ன முடிவு, நான் நினைத்ததைவிட எவ்வளவு பெரிய படம் என்று உள்ளம் துள்ளியது. அதற்கு அப்புறம்தான் ஆரோக்கியத்தின் முகம் வந்தது. எது முதலில் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் காசிம் நானா கேட்டார்.

"இத்தன நாளும் இது தெரியாமத்தானா பேசிக்கிட்டு திரிஞ்சீங்க?"



திங்கட்கிழமை ஆரோக்கியத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். என்ன படம் அண்ணே என்றாள். பழைய படம்தான், அந்தக் கயிறு கட்டுகிற படம் என்றேன். அண்ணன் இறங்கி வருவானே, அதுவா என்றாள்.

"ஆமா" என்றேன்.

முதல் பொய்யையாவது பஸ்ஸின் மேல் போடலாம். இதை எதன் மேல் போட?

அதற்குப் பிறகு நான் படத்துக்குப் போகவில்லை. கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்களே, அந்தப் பிள்ளைக் காம்பராவில் போன வருடம் ஒரு டீவி வைத்தார்கள். ஞாயிறு பகலில் பழைய படம் போடுகிறார்கள். இந்த வாரம் என்ன படம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சேதியை லயம் லயமாகச் சொன்னவள் ஆரோக்கியம்தான். மாஸ்டரின் படம் வருகிறது, எல்லாரும் வாருங்கள் என்று! நேற்றுப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். நீலகிரி முகவரி அவளுடைய ஜெப புத்தகத்துக்குள் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கும் ஒரு கடிதம் போடுவாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"முன்பெஞ்சுல ஒங்களுக்கு எடம் வைக்கிறேன் அண்ணே. எங்கண்ணன்தான் வரல. அந்த அண்ணன் எறங்கி வாறதயாவது ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். எழும்பி வரத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

இன்று ஞாயிறு. இதை எழுதும்போது மணி ஒன்று. படம் இரண்டரைக்கு. அவள் லயம் கூப்பிடு தூரம்தான், இன்னும் நேரம் இருக்கிறது... ஆனால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? ஐந்து மணிக்காவது கரண்ட் போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.