எழுந்து சிரிக்கும் ஷாட்

ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருக்கிறார். பன்னீர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

ஹீரோவாகப் போகிறேன் என்று திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறியவர் அப்பா. கான்ஸ்டபிளாக இரண்டு படம், டாக்டராக ஒரு சீரியல். அதற்குப் பிறகு பிணம்தான். மூச்சை நன்றாக அடக்குகிறார் என்று திரும்பத் திரும்ப அதற்கே கூப்பிட்டார்கள். ஊருக்கு வரும்போது சட்டையெல்லாம் இதே பன்னீர் வாசனை. வேங்கிக்கால் வீட்டு வாசலில் அம்மா வாளித் தண்ணீரோடு நிற்பாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவரைப் போல, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அவர் உள்ளே வரவேண்டும்.

"பயமா இல்லியாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொணமா நடிச்சா, கடைசியா எழுந்து கேமராவப் பாத்து ஒருவாட்டி சிரிக்கணும்மா. அதையும் எடுத்துட்டுதான் விடுவாங்க. அப்புறம் ஒண்ணும் ஆவாது."

அந்தச் சிரிப்பை மட்டும் எந்தப் படத்திலும் போடவில்லை, பாவிகள்.

"தூக்கறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்துக்கம்மா," என்றார் சித்தப்பா. செல்போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்து எடுத்தேன்.

"ஷாட் முடிஞ்சிடுச்சுப்பா," என்றேன்.

போனை இறக்காமல் நின்றேன்.