இரண்டாவது கண்ட்ரோலர்

அக்காவைப் பின்னறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திய மறுநாள்தான் எங்கள் கேம் பெட்டி காணாமல் போனது. இரண்டையும் நான் உடனே முடிச்சுப் போட்டுவிட்டேன். எட்டு வயதிலேயே எனக்கு அந்தக் குணம் உண்டு. கடைக்காரர் ஒரு மிட்டாயைக் கூடுதலாகக் கொடுத்தால்கூட, ஏன் கொடுத்தார் என்று யோசித்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்வேன்.

கேம் பெட்டி என்றால் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடுகிற பழைய சாமான். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பொருள்களைத் தரையில் பரப்பி விற்பார்களே, அங்கே மாமா பொறுக்கி எடுத்து வந்தது. அதற்கு இரண்டு கண்ட்ரோலர்கள். முதலாவது அக்காவுக்கு, இரண்டாவது எனக்கு. என்னுடையதில் ஒரு பொத்தான் அமுங்கினால் எழாது, நகத்தால் நெம்பிவிட வேண்டும். திரையில் அக்கா முன்னால் ஓடுவாள், நான் பின்னால் ஓடுவேன். நான் பள்ளத்தில் விழுந்தால் மறுபடி எழுந்து வரும்வரை அவள் நின்று காத்திருப்பாள். பள்ளியில் எனக்காக அப்படி யாரும் நின்றதில்லை. அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று அக்கா பள்ளியிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் பாதி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். சாயங்காலம் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஆயர் தாவாரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். ஒரு கையில் நாட்டுக்கோழி முட்டை, மறு கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். அக்காவுக்கு என்ன என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்றார்கள். உடம்பு சரியில்லை என்றால் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிப் போகவில்லை? அப்பா சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லும்போது ஏன் சிரிக்கிறார்?

அக்காவுக்குத் தனித்தட்டு, தனிக்கோப்பை, தனிப்பாய் கொடுத்தார்கள். கதவு நிலையில் வேப்பிலை செருகினார்கள். காத்து கறுப்பு அண்டாமல் இருக்க இரும்பு வேண்டும் என்று அவள் தலைமாட்டில் துருப்பிடித்த பாராங் கத்தி ஒன்றை வைத்தார்கள். யாரும் அவளைத் தொடக்கூடாதாம். சரி, அக்கா ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். ஆனால் தப்பு செய்தவளுக்கு எதற்குத் தினமும் முட்டையும் உளுந்தங்களியும்? அத்தையிடமே கேட்டேன்.

"உனக்கும் ஒரு நாள் வரும்டி, அப்ப தெரியும்" என்றார் அத்தை. எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

மறுநாள் மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. ஈப்போவில் ஹென்போன் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார். தாய்மாமன்தான் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் தாமான் குடியிருப்பு, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டியது. ரப்பரை வெட்டிவிட்டு மிச்ச இடத்தில் செம்பனை நட்டுவிட்டதால் சுற்றிலும் செம்பனைதான். ஓலை என்றால் ஓலை என்று மாமா நாலு செம்பனை மட்டைகளை முள்ளோடு இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். தென்னை ஓலை என்பதுகூடத் தெரியாத தாய்மாமன் இருந்தென்ன, போயென்ன என்று அம்மா காதில் விழும்படியே சொன்னார். மாமாவின் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு பீடோரில் இருந்த சிநேகிதர் வீட்டிலிருந்து தென்னங்கீற்று வந்தது. பின்னறை மூலையில் மூன்றைச் சாய்த்து வைத்துக் குடிசை என்று பேர் பண்ணினார்கள்.

போகும்போது மாமா அம்மாவிடம், பிள்ளை சடங்கு வரைக்கும் உள்ளே என்னதான் செய்யும் என்று கேட்டார். என்னை உட்கார வைத்தபோது நான் என்ன செய்தேன், தோட்டத்து வீட்டுக் கூரையில் ஓட்டையை எண்ணிக்கொண்டு கிடந்தேன் என்றார் அம்மா. மாமா கிளம்பினார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் தொலைக்காட்சிக்குக் கீழே பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அத்தை களி கொண்டு வந்த பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவையும் காணவில்லை. அந்த வீட்டில் என்னைப் போல ஒழுங்காகச் சந்தேகப்படத் தெரிந்த இன்னொரு ஆள் அத்தைதான். டப்பாவுக்காக அவர் வீட்டையே புரட்டினார். பெட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மாமா விற்றுத் தின்றுவிட்டார் என்று சொல்வதற்கு முன்னால் ஆதாரம் வேண்டுமே.

ஆதாரம் சனிக்கிழமை கிடைத்தது. வீட்டில் வந்து போகிறவர்கள் நிறைய, இந்தக் கேள்வி கேட்கிற பிள்ளையைக் கொஞ்சம் கூட்டிப் போ என்று அம்மா என்னை மாமாவோடு கடைக்கு அனுப்பிவிட்டார். கடை மேசைமேல் எங்கள் கேம் பெட்டி குடல் சரிந்து கிடந்தது. மேல்மூடி ஒரு பக்கம், உள்ளே இருந்த பச்சைப் பலகை ஒரு பக்கம். அந்தப் பலகையின் ஓரங்களை ரம்பத்தால் அறுத்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உடைச்சிட்டீங்களா மாமா?"

"உடைக்கல பாப்பா. சுருக்குறேன் லா."

உள்ளே வேலை செய்வது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் காற்றும் பிளாஸ்டிக்கும்தான் என்று விளக்கினார். தொலைக்காட்சிக்குப் பதிலாக, காரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை. பிளக்குக்குப் பதிலாகப் பேட்டரி. வெளிக்கூடு, அத்தையின் சாப்பாட்டு டப்பா. அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் துளை போட்டு, அக்காவின் கண்ட்ரோலரிலிருந்து பொத்தான்களைப் பெயர்த்துப் பதித்திருந்தார். ஈயத்தை உருக்கி ஒரு கம்பியை ஒட்டிவிட்டு, அது ஆறும்வரை வாயால் ஊதினார். கடைசியில் ஒரு கனமான இரும்புத் தகட்டை வெட்டி டப்பாவின் பின்பக்கம் முழுக்கத் திருகினார். அது எதற்கு என்று கேட்டேன். அது உன் அத்தைக்கு என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கண்ட்ரோலரை எங்கே மாட்டுவது என்று கேட்டேன்.

"அதுக்கு எடமில்ல பாப்பா. கையில வச்சு வெளையாடுறது ஒரு ஆளுக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. முட்டை, களி, புதுப்பாய், சிரிப்பு, இப்போது கேம் பெட்டியும். ஊரே சேர்ந்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டு என்னை வெளியே தள்ளத் திட்டம் போட்டிருக்கிறது. மாமா என் கண்ட்ரோலரை ஒரு பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். அதன் வயர் ஒன்றிலும் போய்ச் சேராமல் தொங்கியது.

வீட்டில் அத்தை முதலில் தன் டப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். அதற்கே ஒரு மூச்சு ஏசினார். விளையாட்டுச் சாமானெல்லாம் அறைக்குள் போகாது, பிள்ளையிடம் இரும்பு மட்டும்தான் இருக்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நியாயம் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரே.

"இதுலயும் இரும்பு இருக்குக்கா. பாராங் கத்திய பாத்துக்கிட்டே பிள்ள எப்படித் தூங்கும்?" என்றார் மாமா.

அத்தை நேராகக் குளிர்பெட்டிக்குப் போய், அதன் கதவில் ஒட்டியிருந்த, கேமரன் மலையில் வாங்கிய ஸ்ட்ராபெரி காந்தத்தைப் பிடுங்கி வந்தார். டப்பாவின் பின்பக்கம் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிடுங்கி இன்னோர் இடத்தில் வைத்தார், அங்கேயும் ஒட்டியது. டப்பாவைக் கவிழ்த்து உலுக்கினார். ஸ்ட்ராபெரி விழவில்லை. சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, அறையிலிருந்த பாராங் கத்தியை வெளியே எடுத்துவிடச் சொன்னார். அத்தையும் கட்சி மாறிவிட்டார்.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் பின்னறை வாசலில் உட்கார்ந்துகொள்வேன். உளவு பார்க்கத்தான். மடியில் என் கண்ட்ரோலர் இருக்கும். உள்ளே அந்த விளையாட்டின் பாட்டு சன்னமாகக் கேட்கும். பாட்டை வைத்தே அக்கா எந்த இடத்தில் ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அங்கதான் இருக்கியா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவள் சிரித்தது கேட்டது. இரண்டு வழி வருகிறது, மேலே போகவா கீழே போகவா, நீயே சொல் என்றாள். கீழே என்றேன். பள்ளத்தில் விழுந்துவிட்டேன் என்றாள். நான் சொன்ன பக்கம்தான் போனாளா என்று எனக்குச் சந்தேகம், ஆனாலும் கதவு சாத்தியிருக்கும்போது என்ன செய்ய முடியும். பிறகு எல்லா நாளும் அப்படித்தான். அவள் கேட்பாள், நான் சொல்வேன், சொல்லிக்கொண்டே என் கண்ட்ரோலரில் பொத்தானை அமுக்குவேன், எழாத பொத்தானை நகத்தால் நெம்புவேன். அந்த வாசலில் உட்கார்ந்திருந்த நேரங்களில் மட்டும் நான் யாரையும் சந்தேகப்படவில்லை.

சடங்கு நடந்தது. மாமா தட்டுத்தட்டாகச் சீர் கொண்டு வந்தார். அவர் எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலையில் அக்காவைக் கதவுக்கு வெளியே பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு அக்கா டப்பாவைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். இனி உனக்குத்தான் என்றாள். சும்மா ஒருவர் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. பேட்டரியைப் பார்த்தேன், பொத்தான்களைப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. தொங்கும் வயரோடு இருந்த என் கண்ட்ரோலர் இனி எதற்கு என்று குப்பைக்கூடையில் போட்டேன்.

மறுநாள் அக்கா சமையலறையில் அத்தையோடு இருந்தாள். எப்படி உட்கார வேண்டும், யார் வந்தால் உள்ளே போக வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து டப்பாவை முடுக்கினேன். இரண்டு வழி வந்தது.

"அக்கா, மேலயா கீழயா?"

அவள் எழுந்து வாசல்வரை வந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள். உள்ளே அத்தை கூப்பிட்டார்.

"நீயே பாத்துக்க பாப்பா" என்றாள். அதுவரை அவள் என்னை வாடி போடி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். பாப்பா என்பது பெரியவர்கள் சொல்வது.

எனக்குச் சுருக்கென்றது. இப்படிப்பட்ட சாமானை ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போகிறாள் என்றால், அவளிடம் இதைவிட நல்லது வேறு இருக்க வேண்டும். மாமா சீர்த்தட்டில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அவர்கள் அசந்த நேரம் பார்த்து அக்காவின் அலமாரியைத் திறந்தேன். பட்டுச்சேலை இருந்தது. கண்ணாடி வளையல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு துண்டில் சுற்றி, நான் குப்பையில் போட்ட கண்ட்ரோலர் இருந்தது. துடைத்திருந்தாள். வயரை அழகாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தாள்.

என் சந்தேகம் உறுதியாயிற்று. இரண்டாவது கண்ட்ரோலரை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்றால், அதை மாட்டுகிற பெட்டியும் இந்த வீட்டில் எங்கோ இருக்கத்தான் வேண்டும். அடுத்து வந்த பள்ளி விடுமுறை முழுவதும் நான் அதைத் தேடினேன்.