தெளிந்த புத்திக்குச் சாட்சி

ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த புதிதில் என் கைவசம் நான்கு கேள்விகள் இருந்தன. நோயாளிக்கு விஷயம் புரிகிறதா, மனத்தில் நிற்கிறதா, நல்லது கெட்டதை எடைபோடுகிறாரா, முடிவைச் சொல்கிறாரா. கல்லூரி நூலகத்தில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தது. யாரிடமாவது கேட்டே தீரவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

மாட்டியவர் சனத்நகர் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதகர். சர்க்கரை வியாதியில் கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்றார் எங்கள் வார்டின் தலைமை சர்ஜனான சீஃப். இவர் மாட்டேன் என்றார். உடனே மகன், "அப்பாவுக்குப் புத்தி சரியில்ல டாக்டர். நீங்க எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் கட்டிலருகே உட்கார்ந்து முதல் கேள்வியை ஆரம்பித்தேன்.

"புரியுது டாக்டரம்மா. அழுகல் மேல ஏறினா உயிர் போகும். முதல்ல விரலை எடுங்க, ஏறினா காலை எடுங்கன்னுதான் சொல்றேன். ஓரத்துல பிசிறுன்னு மொத்த பீஸையும் தூக்கிப் போட்டா எங்க ஃபோர்மேன் என்னைத் தூக்கிப் போட்டுடுவார். அது கெடக்கட்டும், உங்க சீஃப் கால் எடுத்தவங்கள்ல எத்தனை பேர் இப்ப நடக்கறாங்க?"

நான்குக்கும் பதில் வந்துவிட்டது. 'தெளிவாக இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு ஓடினேன்.

சீஃப் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர்; 'எதுக்கு' என்பதற்கு அந்த ஊர் உருதுவின் 'கைக்கு'தான் முதலில் வாயில் வரும். படித்துவிட்டுச் சிரித்தார். "கைக்கும்மா, எதுக்கு இதெல்லாம்? டாக்டர் பேச்சைக் கேக்காதவன் தெளிவா இருக்கானா?"

அடுத்த கட்டிலில் குடலிறக்கக்காரர். எது கேட்டாலும் ஆமாம் என்று "ஹவ், ஹவ்" என்பார். உங்களுக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். அதற்கும் "ஹவ்". அவர் தெளிவை யாரும் சந்தேகிக்கவில்லை.

விரலை மட்டும் எடுக்க சீஃபுக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் இழுத்ததில் காய்ச்சல் ஏறிவிட்டது. நான்காம் நாள் பரிசோதகர் போர்வையை இரும்புத் தகட்டைப்போல் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"காலை எடுத்துடலாமா?" என்றார் சீஃப்.

"பாஸ் சார். இந்த லாட் பூரா பாஸ்."

'முழு நினைவுடன் சம்மதித்தார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார் சீஃப். "பாத்தியா, இன்னிக்குத்தான் தெளிவா பேசறான்."

எனக்குப் பயிற்சி முடித்த சான்றிதழ் தரவேண்டியவரும் அவர்தான். போட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒற்றைக் காலோடு, பரிசோதகர் தன் கேஸ் ஷீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கீழ இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"பீஸைப் பாக்காம பாஸ் போட்டா எங்க ஃபாக்டரில மெமோ குடுப்பாங்கம்மா" என்று ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.