சிவப்புப் பெட்டிக்குள் அகப்பட்ட குடும்பம்

மனநோய் குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று பார்க்கும் மரபணு ஆராய்ச்சியில் எனக்கு விவரம் சேகரிக்கும் வேலை. நோயாளியிடமும் வீட்டாரிடமும் ரத்தம் எடுப்போம், கணினிப் படிவத்தில் குடும்ப மரம் போடுவோம். வெள்ளைக்காரர்களின் ரத்தத்தை வைத்தே இத்தனை காலம் எல்லாம் எழுதிவிட்டார்கள், நம் ஜனங்களையும் சேர்க்க வேண்டும் என்று எங்கள் மலையாளி டாக்டர் மேடைக்கு மேடை முழங்குவார். படிவம் செய்தவர்கள் மட்டும் நம் ஊர்க் கல்யாணங்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, முதல் பஸ் பிடித்துத் தம்பியோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். தம்பிக்குப் பத்து வருஷமாகக் காதில் குரல் கேட்கிறது. தாய் செய்த பாவம் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் பேசிப் பேசியே அந்தத் தாய் மனம் வெந்து போய்ச் சேர்ந்துவிட்டாராம். இது பாவமில்லை, நோய்தான் என்று எங்காவது எழுதப்பட வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ரத்தம் எடுத்தாயிற்று. மரம் போட உட்கார்ந்தேன். "எங்கப்பா, எங்கம்மைக்குச் சொந்தத் தாய்மாமன்," என்றார் அக்கா. பாட்டியின் தம்பியையே அப்பாவின் இடத்திலும் வைத்தேன். திரையில் அவர் பெயர் இருந்த பெட்டி சிவந்து, 'பிழை' என்றது. பிழையான குடும்பத்தின் ரத்தத்தைச் சாயங்காலம் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

"அப்பாவும் அம்மாவும் சொந்தமில்லேன்னு போட்டுடலாம் அக்கா. யாருக்குத் தெரியப் போறது?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தத்துக்குத் தெரியுமே மேடம். பொய்ய எழுதிட்டு நாளைக்கு மருந்து கண்டுபிடிச்சா, அது எங்களுக்குக் கேக்குமா? அவங்க ஊரறியத் தாலி கெட்டுனவங்க, கேட்டோ. ஒளிக்க என்ன இருக்கு?"

அடேயப்பா! எம்.எஸ்ஸி. படித்த எனக்கு இது உறைக்கவில்லையே என்று நாணிப்போனேன். ஏனென்றால் அந்தப் பொய்யை நான் புதிதாகச் சொல்லவில்லை. கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலும் அம்மா கைப்பிடித்தது அவளுடைய சொந்த மாமாவைத்தான். நோயில்லாதவர்களின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று போன வருஷம் நானும் கொடுத்தேன். அதே பெட்டி சிவந்ததும் 'சொந்தமில்லை' என்று தட்டிவிட்டு, காபி குடிக்கப் போனேன்.

டாக்டரைப் போனில் பிடித்தேன். அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடு என்றார். எனக்கு வந்ததே கோபம்! அவருடைய மலையாளத்திலேயே பொரிந்து தள்ளினேன்: "அப்படியானால் என் ரத்தத்தையும் கொட்டிவிடுங்கள், ஸார். என் மரமும் இதேதான். நான் பொய் எழுதியிருக்கிறேன்." வேலை போய்விடுமோ என்று அப்புறம்தான் தோன்றியது. டாக்டரோ, ரத்தத்தைப் பத்திரமாக வை, வருகிறேன் என்றார். வந்தார். என்னைத் திட்டினார். படிவம் செய்தவர்களை அதைவிட அதிகமாகத் திட்டினார்.

பெட்டியைத் திருத்தி வாங்க ஒரு மாதம் ஆயிற்று. அடுத்த முறை மருந்து வாங்க வந்த அக்காவை அழைத்துத் திரையைக் காட்டினேன். மரம் சிவக்காமல் நின்றது. தாய்க்குப் போட்டிருந்த வட்டத்தில் விரலை வைத்தார்.

"இது எங்கம்மையா?"

"ஆமாக்கா."

"பாவம் கீவம்னு எதுவும் எழுதியிருக்கா?"

"ஒண்ணும் எழுதலேக்கா."

அவர் தம்பியின் கையை இழுத்து அந்த வட்டத்தின் மேல் வைத்தார். "பாருல, அம்ம மேல ஒண்ணும் எழுதல."