ஈரத்தோடு கொண்டுவந்த படம்

என் வீட்டுக்காரர் கேமரா முன்னால் நிற்கவே மாட்டார். ஆதார் கார்டில் இருப்பது திருட்டு முழி. மற்றபடி ஒரே படம்தான். ஒரு கல்யாண வீட்டில், எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் கேமராவில் எடுத்தது. அதில் சிரிப்பார்.

அவர் இறந்த பதினாறாம் நாளே அவர் தங்கச்சி அதைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

போன மழையில் படத்தின் ஓரம் பூஞ்சை பிடித்தது. வாய் தவறி நாத்தனாரிடம் போனில் சொல்லிவிட்டேன். இந்த மாதிரிப் படங்களை உரித்து வேறொன்றில் ஒட்டும் வேலை அவளுக்குத் தெரியும். தன் மகள் முகத்தை ஒரு வெள்ளை டைல்ஸில் ஒட்டி வைத்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"பரவுறதுக்குள்ள கொண்டாங்க மதினி. துணியில ஏத்தித் தாரேன்."

"போட்டோ என்னாகும்?"

"வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும்."

இவ்வளவு அக்கறை எதற்கு என்று யோசித்தேன். பூஞ்சை நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

வெந்நீர், தட்டு, பிரஷ், துணி எல்லாம் தயாராக இருந்தது. அவள் செல்போனைத் தூக்கினாள்.

"மொதல்ல ஒண்ணு எடுத்துக்கிடுதேன் மதினி."

"மொதல்ல வேலையப் பாரு. காஞ்ச பொறவு எடுக்கலாம்."

எனக்கு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. அவள் வைத்திருந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக நின்றது.

"இது வெளுக்காத துணி. தண்ணி குடிக்காது. படம் வழுக்கிரும்."

"எனக்கென்ன தெரியும்? கடைக்காரன் குடுத்தான்."

தெரிந்தேதான் எடுத்தாளோ? என் பையிலிருந்து வெளுத்த துணியை எடுத்து வைத்தேன்.

"துணியும் வந்திருச்சா! வெந்நியையும் கொண்டாந்திருக்கலாம்ல?"

படத்தின் ஓரத்தைப் பூஞ்சையோடு வெட்டினாள். முதுகை உரித்து வெந்நீரில் போட்டு, பிரஷால் நீவினாள். செத்த நேரத்தில் படம் மட்டும் ஒரு தோலாகக் கழன்று மிதந்தது. அவர் சிரிப்பு தண்ணீரில் ஆடியது. அடியில் துணியைக் கொடுத்துத் தூக்கினாள். காதோரச் சுருக்கத்தையும் நீவி எடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இங்கனயே காயட்டும். நாளைக்கு நானே கொண்டாந்து தாரேன்."

"வேண்டாம்."

"எங்கண்ணன நான் முழுங்கிருவேனா?"

"முழுங்க மாட்ட. நாளைக்கும்ப. பொறவு நாளன்னைக்கும்ப."

ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

"தொட்டுராதீங்க மதினி. ஒட்டிக்கிடும்."

பஸ்ஸில் மடியில் தட்டை வைத்திருந்தேன். ஜன்னல் காற்றில் துணி தூக்கியது. பறந்துவிடும் என்று உள்ளங்கையால் அமுக்கினேன். கையை எடுத்தபோது துணியில் நெற்றியும் சட்டையும்தான் இருந்தன. வாய் என் கையில் ஒட்டியிருந்தது. திரும்ப வைக்கப் பார்த்தேன். கசங்கிப் போனது.

சாயங்காலம் போன் செய்தாள்.

"காஞ்சிருச்சா மதினி?"

"காஞ்சிருச்சு."

"வாரப்ப செல்லுல ஒண்ணு எடுத்துக்கிடுதேன்."

"சரி."

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்கிறாள். ஷிப்ட் இருக்கு என்கிறேன். எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு லீவு என்பது அவளுக்குத் தெரியும். நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாளாம். சொல்லட்டும்.