வீரனுக்கு எதற்கு மந்திர வாள்?

இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

அவிநாசியிலிருந்து வரும் வழியெல்லாம் நம் கதை விளையாட்டுதான். நான் கதை சொல்ல, நண்பன் செந்தில் அதில் வீரனாக நடித்தான். ஓடும் பஸ்ஸில் பகடை நிற்காது என்பதால் டிக்கெட் எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துக்கொண்டோம். ஐந்தைத் தாண்டினால் பூதம் சாகும். இல்லாவிட்டால் வீரன் சாவான்.

கதையில் பூதம் வீரனைச் சுவரோடு நெருக்கிவிட்டது. காலடியில் மந்திர வாள் கிடக்கிறது. செந்தில் தொட மாட்டானாம்.

“மந்திரத்துல செயிச்சா அது வீரமாடா?”

ஒரு வருடமாக விளையாடி அவன் வளர்த்த வீரன். எனக்கே பாவமாக இருந்தது.

முன் சீட்டு அம்மா திரும்பினார். “ஏனுங்க தம்பி, அந்த வாளு தானாப் போயி வெட்டுமுங்களா?”

“இல்லீங்க, நாந்தான் வீசோணும்.”

“அப்பறமென்ன கண்ணு? எடுத்து வீசுங்க.”

எடுத்துவிட்டான். பகடைக்குத் தன் டிக்கெட்டையே அந்த அம்மா நீட்டினார். கடைசி இலக்கம் ஐந்து.

செந்தில் முகம் செத்துவிட்டது.

அந்த அம்மா பக்கத்தில் தூங்கிய கணவரின் சட்டைப் பையிலிருந்து இன்னொரு டிக்கெட்டை உருவிப் பார்த்தார். “உடுங்க, இன்னொருக்கா வீசுங்க. என்ற ஊட்டுக்காரரு டிக்கெட்டு ஆறுல முடியுதுங்க.”

மந்திரமே ஆகாது என்றவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான்.

பூதம் செத்தது. நானும் கண்டுகொள்ளவில்லை. இப்போது சொல்லுங்கள், இதை வீரத்தில் சேர்ப்பதா, மந்திரத்தில் சேர்ப்பதா?